செவ்வாய்க்கிழமை கடை லீவு

கொஞ்சம் நீளமான பதிவு. கடையை அடைச்சிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு படிங்க. கல்லாவுல உட்கார்ந்துக்கிட்டே படிக்கிறவங்க இருந்தா, இது உங்களுக்காகத்தான்.

நாங்கள் கிள்ளான் பக்கம் ஒரு தாமான் ஓரத்தில் இருக்கும் சின்ன முருகன் கோயிலில் தொண்டு செய்கிறவர்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர். வெள்ளிக்கிழமை அன்னதானம், கிருத்திகை, ஆண்டுத் திருவிழா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், எல்லாத்துக்கும் நாங்கதான் ஓடுவோம். இந்த இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் சொந்தத் தொழில் செய்கிறவர்கள். சாப்பாட்டுக் கடை, முடி திருத்தும் கடை, மோட்டார் வெர்க்‌ஷாப், பூக்கடை, லோரி, தையல், வீட்டிலிருந்தே முறுக்கு, பலகாரம் போட்டு விற்கும் ஓர் அக்கா என்று எல்லாரும் சின்ன முதலாளிகள். பெரிய பணக்காரர் யாரும் இல்லை. "முதலாளி"ன்னு கூப்பிட்டா எங்களுக்கே சிரிப்பு வரும்.

இந்தப் பதிவு எங்க குழுவில் இருக்கும் சாப்பாட்டுக் கடை அண்ணனைப் பற்றியது. அவர்கிட்டயும் அண்ணிகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறோம். பேர் போட வேணாம்னு சொன்னார். "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கு எதுக்கு"ன்னார்.

அண்ணன் கடை ஆரம்பிச்சு 22 வருஷம். காலை நாலு மணிக்கு எழுந்து பசாருக்குப் போவார். ஆறு மணிக்குத் தோசைக்கல்லும் ரொட்டிக்கல்லும் சூடாயிடும். காலைப் பசியாற வர்றவங்க போனதும் மத்தியானச் சாப்பாடு. சாயங்காலம் மறுபடியும் ரொட்டி, மீ கோரேங். ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்தி, கணக்குப் பார்த்து, வீட்டுக்குப் போகப் பதினொன்று ஆகும். வாரத்துல ஏழு நாளும் இப்படித்தான். தீபாவளிக்கு ரெண்டு நாள் அடைப்பார். அவ்வளவுதான். யாராவது செத்துப்போனாக்கூட, எடுத்துட்டுத் திரும்பி வந்து கடையைத் திறப்பார்.

நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? அவரைப் பாராட்டினோம். "அண்ணன் மாதிரி உழைக்கணும்டா"ன்னு சின்னப் பசங்ககிட்ட சொன்னோம். திருவிழாவில் மூணாம் நாள் உபயம் அவருடையது. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒலிபெருக்கியில் பேர் சொன்னோம்.

அந்த மூணாம் நாள் உபயத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை இப்ப நினைச்சாலும் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. சங்கல்பத்துக்குக் குருக்கள் குடும்பத்தார் பேர், ராசி, நட்சத்திரம் கேட்டார். அண்ணன் தன்னுடையதைச் சொன்னார். அண்ணியோடதைச் சொன்னார். மூத்த மகளோடதையும் சொல்லிட்டார். சின்னவளுக்கு வந்ததும் நின்னுட்டார். திரும்பி அண்ணியைத் தேடினார். அண்ணி பால் சொம்பு எடுக்க மடப்பள்ளிக்குப் போயிருந்தாங்க. ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் பின்னாடி நின்னுக்கிட்டிருந்த அந்தப் பிள்ளையே "சுவாதி, சாமி"ன்னு சொல்லிச்சு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். அண்ணனும் சிரிச்சார். வெங்காயம் ஒரு மூட்டை இந்த வாரம் என்ன விலை, போன வாரம் என்ன விலைன்னு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மனுஷன்.

அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கல. அதை அன்னிக்கு நாங்க கவனிக்கல. வீடியோவில்தான் பார்த்தோம்.

போன வருஷம் தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தார். செருப்பு வார் அறுத்து, விரல் இடுக்கில் ஒரு சின்னப் புண். அவருக்கு இனிப்பு நீர் இருக்கு. எத்தனை வருஷமான்னு அவருக்கே சரியாத் தெரியாது. மாத்திரை வாங்கி வச்சிருப்பார், கடை நெரிசலில் போட மறந்திடுவார். கால் மரத்துப்போய் வலி தெரியல. அந்தக் காலோடதான் பந்தலில் மூணு ராத்திரி நின்னு மோர் ஊத்தினார், சோறு பரிமாறினார். நாங்க பக்கத்துலதான் இருந்தோம். யாரும் கீழே குனிஞ்சு பார்க்கல. காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு விரலை எடுத்துட்டாங்க. பன்னிரண்டு நாள் படுக்கை.

நம்ம நாட்டில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம்ம இந்தியர்கள் மத்தியில் அது இன்னும் அதிகம். இது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. ஆனா ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் நேரத்துக்குச் சாப்பிடுறதில்லைங்கறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க. ஊருக்கே சோறு போட்டுட்டு, அவர் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்குவார், கூட ஒரு தே தாரிக்.

அவர் படுத்ததும் கடை மூணு நாள் மூடிக் கிடந்தது. வேலையாட்கள் இருந்தாங்க, அண்ணி இருந்தாங்க, கடையைத் திறக்கத்தான் முடியல. கோழி கொண்டுவர்றவர் நம்பர் அண்ணன் போனில் மட்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி, யார்கிட்ட கேஸ் எடுக்கறது, எந்த மசாலா எங்கே அரைக்கக் கொடுக்கறது, எல்லாம் அவர் தலைக்குள்ளே. பேங்க் கணக்கைத் திறக்கிற கடவுச்சொல் அண்ணிக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை சாப்பிடுறார்னு கேட்டப்பவும் அண்ணிக்குப் பதில் தெரியல. 22 வருஷமா ஒரே வீட்ல இருக்காங்க.

"எல்லாத்தையும் நான்தான் பார்த்துக்கறேன்"னு பெருமையாச் சொல்லுவோமே, அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு: நான் இல்லேன்னா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குடும்பத்துக்காகத்தான் ஓடுறேன்னு சொல்லிட்டு, குடும்பத்தைக் கடைக்குள்ள விடாமலும், நாம வீட்டுக்குள்ள போகாமலும் ஓடிக்கிட்டே இருக்கோம்.

மூத்த மகள் கணக்கியல் படிக்குது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, கடையின் சிவப்பு நோட்டை எடுத்து, மூணு மாசக் கணக்கைக் கிழமை வாரியாப் பிரிச்சுப் போட்டுச்சு. செவ்வாய்க்கிழமைதான் ரொம்ப மந்தம். நம்ம ஆளுங்க பல பேர் செவ்வாயும் வெள்ளியும் கறி மீன் தொட மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்கு மரக்கறிச் சாப்பாட்டுக்குன்னே கூட்டம் வரும், செவ்வாய்க்கு அதுவும் வராது. சராசரியா அன்னிக்கு விற்பனை 1,150 வெள்ளி. சாமான் 560. ஆள் கூலி 350. கேஸ், கரண்டு, மத்தது 90. மிச்சம் 150 வெள்ளி. அதுக்கு அண்ணன் நிக்கிறது 17 மணி நேரம். மணிக்கு ஒன்பது வெள்ளிகூட இல்லை. அந்தப் பிள்ளை சொன்னது: "அப்பா, நீங்க நம்ம கடையில சம்பளத்துக்கு வேலை செஞ்சிருந்தா, வாரத்துல ஒரு நாள் லீவாவது கிடைச்சிருக்கும்."

உண்மைதான். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்துல தொழிலாளிக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் கொடுக்கணும்னு இருக்கு. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரத்தை 48-லிருந்து 45 மணியாக் குறைச்சாங்க. எங்க குழுவில் ஆள் வச்சு வேலை வாங்குற எல்லாரும் அதைப் பத்தி அலுத்துக்கிட்டோம். நாம எத்தனை மணி நேரம் வேலை செய்றோம்னு யாரும் கூட்டிப் பார்க்கல. அண்ணன் கணக்கு வாரத்துக்கு 119 மணி. முதலாளிக்குச் சட்டம் கிடையாது, அவருக்கு அவரேதான் சட்டம் போட்டுக்கணும். நம்ம தாத்தாமார் ரப்பர் தோட்டத்தில் விடியறதுக்கு முன்னே பெரட்டுக்கு ஓடினவங்க. அந்தக் கஷ்டத்தைப் புகழ்ந்து பேச எங்களுக்கு விருப்பம் இல்லை. ஆனா மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துட்டா லயத்துக்குத் திரும்பிடுவாங்க. கங்காணிக்குப் பயந்த அவங்களுக்குக் கிடைச்ச அந்தச் சாயங்காலம், யாருக்கும் பயப்படாத நமக்குக் கிடைக்கல.

சரி, கடையை அடைக்கச் சொன்னா என்ன பதில் வரும்னு எங்களுக்குத் தெரியும், ஏன்னா அந்தப் பதிலைச் சொன்னவங்களே நாங்கதான். "ஒரு நாள் அடைச்சா வாடிக்கைக்காரன் அடுத்த கடைக்குப் போயிடுவான்." "வாடகை ஏழு நாளைக்கும்தானே கட்டறோம்." "ஆள் கிடைக்கல, பெர்மிட் கிடைக்கல, இதுல லீவு வேறயா?" "நாங்க என்ன கவர்மெண்டு வேலையா பாக்கறோம்?"

இதில் எதுவும் பொய் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 வெள்ளி ஆனதும், சாமான் விலை ஏறினதும் எல்லாருக்கும் இடிதான். புதுசா கடை திறந்து முதல் ஒன்றிரண்டு வருஷம், கடன் கழுத்தைப் பிடிக்கும்போது, லீவு பத்திப் பேசுறதுகூட ஆடம்பரம்தான். கருத்தரங்கு மேடையில் கோட்டு போட்டுக்கிட்டு "ஒர்க் லைஃப் பேலன்ஸ்"னு பேசுறவங்க ரொட்டிக்கல் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்து பேசினா நல்லா இருக்கும். நாங்க அந்த மாதிரி சொல்ல வரல. ஆனா 22 வருஷம் கழிச்சும் அதே பதிலைச் சொல்லிக்கிட்டிருந்தா, அது தேவையா பழக்கமான்னு ஒரு தடவை நோட்டைத் திறந்து பார்க்கணும்.

சுத்தி இருக்கிற ஜனங்களையும் பாருங்க. சீனர் காப்பிக் கடையில் வாரம் ஒரு நாள் லீவுன்னு ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கும். சீனப் பெருநாளுக்கு ஒரு வாரம் கதவு சாத்தியிருக்கும். யாரும் கோவிச்சுக்கிட்டு வேற கடைக்கு நிரந்தரமாப் போயிடறதில்லை, நாமளே திறக்கிற அன்னிக்குப் போய் நிக்கிறோம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் வந்தா மலாய்க்கார அண்ணன் கடைக் கதவைச் சாத்திட்டுப் போறார். வந்த வாடிக்கைக்காரர் வெளியே காத்திருக்கார். நம்ம கடைக்கு மட்டும்தான் காத்திருக்க மாட்டாங்கன்னு நாம ஏன் நினைக்கிறோம்?

2020 மார்ச் 18 ஞாபகம் இருக்கும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாம் நின்னுபோச்சு. கோயில் நடையும் சாத்தினாங்க. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும். வாடகை எப்படிக் கட்டறதுங்கற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்களில் பல பேர் பிள்ளைங்களோட ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது அப்பத்தான். வெர்க்‌ஷாப் தம்பி சொன்னார்: "அண்ணே, என் மகன் இடது கையால எழுதுறான்னு அப்பத்தான்ணே பார்த்தேன்." அவனுக்கு அப்ப எட்டு வயசு. அந்த ரெண்டு மூணு மாசத்துக்கப்புறம் எல்லாரும் சொன்னோம், இனிமே இப்படி ஓடக்கூடாதுன்னு. ஆணையைத் தளர்த்தின அன்னிக்கே ஓட ஆரம்பிச்சோம்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, மூத்த மகள் போட்ட கணக்குப்படி செவ்வாய்க்கிழமை லீவுன்னு முடிவாச்சு. கதவுல ஒரு தாள் ஒட்டினாங்க. கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கு, கடை வச்சிருக்கிறவங்க கவனிங்க. முன்னே வேலையாட்களுக்கு ஆளுக்கொரு நாள் லீவு. ஒவ்வொருத்தர் இடத்தையும் நிரப்பப் பகுதி நேர ஆளுக்குத் தனியா நாள் கூலி கொடுத்துக்கிட்டிருந்தார். இப்ப எல்லாருக்கும் ஒரே நாள் லீவு. மாத்து ஆள் தேவையில்லை. அந்தக் காசு மிச்சம். செவ்வாய்க்கு வந்துக்கிட்டிருந்த வாடிக்கையில் கொஞ்சப் பேர் திங்களுக்கும் புதனுக்கும் வந்தாங்க, கொஞ்சப் பேர் வரவே இல்லை. எல்லாம் கூட்டிக் கழிச்சா மாசத்துக்கு 200, 300 வெள்ளி இன்னும் குறையத்தான் செய்யுதுன்னு அண்ணன் சொல்றார். லீவு விட்டா லாபம் கூடும்னு நாங்க பூசி மெழுக விரும்பல. அந்த 300 வெள்ளிக்கு என்ன கிடைச்சதுங்கறதுதான் பேச்சு.

முதல் செவ்வாய் அண்ணனுக்கு வீட்ல இருப்பு கொள்ளல. பத்து மணிக்குக் கடைக்குப் போய், பாதி ஷட்டரைத் தூக்கி, உள்ளே புகைக்கூண்டைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். அண்ணி போய்க் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ரெண்டாம் செவ்வாய் மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தூங்கினார். மூச்சு இருக்கான்னு சின்னவ ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போச்சாம். மூணாம் செவ்வாய், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர்றேன்னு காடியை எடுத்துக்கிட்டுப் போனார். முன் கேட்டில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். பின் கேட்டு வழியாத்தான் பிள்ளைங்க வெளியே வர்றதுன்னு அவருக்குத் தெரியாது. பிள்ளை வழக்கம்போல பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுச்சு. இப்ப அவருக்குப் பின் கேட்டு தெரியும். எந்த ஆசிரியர் கோவக்காரர்னு தெரியும். செவ்வாய் காலையில் கிலினிக்குக்குப் போய்க் காலைக் காட்டிட்டு வர்றார், இதுவரைக்கும் ஒரு தவணை தவறல.

கடை விஷயத்துலயும் சிலது மாறிச்சு. ஒரு பச்சை அட்டை நோட்டு போட்டு, சாமான் கொடுக்கிறவங்க நம்பர், பாக்கி, கேஸ், மசாலா அளவு எல்லாத்தையும் அண்ணி எழுதி வாங்கிட்டாங்க. மசாலா அளவை எழுத வைக்கத்தான் ரெண்டு வாரம் போராட்டம். "கை அளவுதான்"னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். கடைசியில் அவர் அள்ளி வைக்க வைக்க மூத்தவ தராசில் நிறுத்து எழுதிடுச்சு. ரெண்டாவது சாவி ரொட்டி போடுறவர்கிட்ட. 14 வருஷமா இருக்கிறவர், இப்பத்தான் சாவி கைக்கு வந்திருக்கு. அன்னிக்கு அவர் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாராம். கடைக்குத் தனி நம்பர், அது ராத்திரி கடையிலேயே தூங்கும்.

அப்புறம் அந்த சொக்சோ, இபிஎஃப் விஷயம். சொந்தத் தொழில் செய்றவங்களுக்கு 2017-லேயே தனிச் சட்டம் வந்து, சொக்சோவில் நாமே பதிஞ்சுக்க வழி இருக்கு. வேலையில் அடிபட்டா, வேலையால நோய் வந்தா, அதுக்குப் பாதுகாப்பு. அண்ணனுக்கு வந்த மாதிரி இனிப்பு நீருக்கு அது உதவாது, அதையும் தெரிஞ்சுக்கணும். இபிஎஃப்-பில் ஐ-சாரான் திட்டத்துல நாமளா போடுற பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் சேர்த்துப் போடுது. எங்க பதினான்கு பேரில் ரெண்டு பேர்தான் இதில் சேர்ந்திருந்தோம். வேலையாளுக்கு மாசாமாசம் கட்டறோம், நமக்கு ஒண்ணும் கிடையாது. வயசாகி நிக்க முடியாமப் போனா என்ன பண்ணுவோம்? "கடை இருக்கே"ன்னு சொல்லுவோம். அந்தக் கடை மூணு நாளில் எப்படி நின்னுச்சுன்னு பார்த்துட்டோம்.

இதையெல்லாம் குழுவில் பேசிக்கிட்டிருந்தப்போ, பலகார அக்கா ஒண்ணு சொன்னாங்க. "அண்ணன் கடைக்குச் சாவி இருக்கு, அடைச்சிட்டார். என் அடுப்படிக்குச் சாவி எங்கே இருக்கு?" யாரும் பதில் பேசல. அந்த அக்காவுக்கு வீடுதான் கடை. பகலில் ஆர்டர் முறுக்கு, இடையில் பிள்ளைங்க, மாமியாருக்குக் கஞ்சி, ராத்திரி மறுபடியும் மாவு. தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடியிலிருந்து தூக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை வந்துட்டா எங்களுக்கும் சர்க்கரைப் பொங்கல் அவங்கதான் கிண்டணும். சாப்பாட்டுக் கடை அண்ணியும் கூடச் சேர்ந்துக்கிட்டாங்க: "இவருக்கு லீவுன்னா எனக்கு மூணு வேளைச் சமையல் கூடுதலா. கடை திறந்திருந்தப்போ அங்கேயே சாப்பிட்டுக்குவார்." அதுக்கப்புறம் செவ்வாய் ராத்திரி அவங்க வீட்ல அடுப்பு எரியறதில்லை, வெளியே போய்ச் சாப்பிடறாங்க. சாப்பாட்டுக் கடைக்காரர் அடுத்தவர் கடையில் உட்கார்ந்து சாம்பாரைக் குறை சொல்றது பார்க்கவே நல்லா இருக்கு. ஆனா பலகார அக்கா கேள்விக்கு எங்ககிட்ட இன்னும் சரியான பதில் இல்லை. புதன்கிழமை ஆர்டர் எடுக்கறதில்லைன்னு ஒரு வரியைப் புலனத்தில் போட்டு வச்சிருக்காங்க. புதனுக்கும் போன் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. வாங்குறவங்க நாமதானே. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

இப்ப எங்க தப்பைச் சொல்லணும். இதைச் சொல்லத்தான் பதிவே எழுத ஆரம்பிச்சோம், சுத்திச் சுத்தி இங்கே வந்திருக்கோம்.

எங்க கூட்டம் எப்பவும் ராத்திரி ஒன்பதரைக்கு. கடைக்காரங்க அடைச்சிட்டு வரணும்னு அந்த நேரம். கூட்டம் முடியப் பன்னிரண்டு, அதுக்கப்புறம் வெளியே நின்னு பேசி முடிக்க ஒரு மணி. புலனக் குழுவில் ராத்திரி பதினொன்றரைக்கு "நாளைக்கு லோரி வேணும், யார் தர்றீங்க"ன்னு செய்தி போடுவோம். உடனே பதில் போடாதவரை "பிஸி முதலாளி"ன்னு கிண்டல் பண்ணுவோம். அரிசி வேணும்னா, கேஸ் வேணும்னா, பாத்திரம் வேணும்னா கடைக்காரங்க ஞாபகம்தான் முதலில் வரும். நாள் முழுக்கக் கடைக்குக் கொடுத்தவர்கிட்ட, வீட்டுக்குன்னு மிஞ்சின ஒண்ணு ரெண்டு மணி நேரத்தைக் கோயில் பேரைச் சொல்லி நாங்க வாங்கிக்கிட்டோம்.

இதுல இன்னொரு நெருடலும் இருக்கு. "சாமி காரியமாப் போறேன்"னு சொன்னா வீட்ல யாரும் மறுத்துப் பேச முடியாது. கடைக்குப் போறேன்னா சண்டை போடலாம், கோயிலுக்குப் போறவரை எப்படித் தடுக்கறது? எங்களில் சில பேர் அந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்தியிருக்கோம். வீட்ல பிள்ளையோட பரீட்சை, அப்பாவோட மருந்து, பேச வேண்டிய பேச்சு எல்லாம் காத்திருக்கும். நாங்க இங்கே தோரணம் கட்டிக்கிட்டு நிம்மதியா இருப்போம். அந்தப் புண்ணியத்துல பாதி வீட்ல காத்திருந்தவங்க கணக்கில்தான் சேரணும்.

அதனால சிலதை மாத்தியிருக்கோம். கூட்டம் இனிமே மாசத்துக்கு ஒரு ஞாயிறு, சாயங்காலம் அஞ்சு மணி, ஆறரைக்கு முடிஞ்சிடும். குடும்பத்தோட வரலாம், பிள்ளைங்க ஓடி விளையாடட்டும். ராத்திரி ஒன்பதுக்கு மேல குழுவில் செய்தி கிடையாது, யாராவது தவறினா அவசரம்னா மட்டும். ஒவ்வொருத்தரும் தன் லீவு நாளை அட்டவணையில் எழுதணும். அந்த நாளில் அவரை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டோம். தைப்பூசத்துக்கு முன்னே பின்னே மூணு நாள் மட்டும் இது செல்லாது. லீவு நாள் கட்டத்தைக் காலியா விட்டவங்க பேரைப் பந்தல் பொறுப்பில் போட மாட்டோம். இதுக்குத்தான் பெரிய வாக்குவாதம் வந்துச்சு.

குழுவில் மூத்தவர் ஒருத்தர், முப்பது வருஷமாத் தொண்டு செய்றவர், கேட்டார்: "சேவைன்னு வந்துட்டா நேரம் காலம் பார்க்கலாமாப்பா? நாங்கல்லாம் பார்த்தோமா?" அவர் மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. கோயில் பலகைக் கொட்டகையா இருந்தப்போ மண் சுமந்தவர். பதில் சொல்ல எங்களுக்குத் தயக்கம். அவர் மனைவிதான், நாங்க பாட்டின்னு கூப்பிடுவோம், பின்னாடி பூ தொடுத்துக்கிட்டே சொன்னாங்க: "நீங்க பார்க்கல. நான் பார்த்தேன்." அவ்வளவுதான் சொன்னாங்க. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி எழுதுங்கன்னுட்டார்.

இப்ப அட்டவணையில் பதினொரு கட்டம் நிரம்பியிருக்கு. மூணு காலி. முடி திருத்தும் கடைத் தம்பிக்கு ஆள் கிடைக்காத பிரச்சினை நிஜம். ஒரே நாற்காலியில் தனியா வெட்டறார், ஒரு நாள் அடைச்சா அந்த நாள் வருமானம் முழுசும் போகும். அவர் ஞாயிறு மத்தியானத்துக்கு மேல அரை நாள் எழுதறேன்னு சொல்லியிருக்கார். அரை நாளும் நாள்தான், எழுதுங்கன்னு சொல்லியிருக்கோம். மத்த ரெண்டு பேர் யோசிச்சுக்கிட்டிருக்காங்க. யோசிக்கட்டும்.

வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆறு பேர் தேவை, காலை ஏழு மணிக்கு. இதுவரைக்கும் நாலு பேர் பேர் கொடுத்திருக்காங்க. பெரிய கத்தி வச்சிருக்கிறவங்க எடுத்துக்கிட்டு வாங்க, கோயில் கத்தி மொக்கையா இருக்கு. அரிசி, பருப்பு விவரம் கேட்க அண்ணனைக் கூப்பிடறவங்க திங்கட்கிழமைக்குள்ள கூப்பிட்டுடுங்க. செவ்வாய்க்கிழமை அவர் போன் எடுக்க மாட்டார். அண்ணி எடுத்தாலும் எடுக்கலாம், ஆனா வாங்கிக் கட்டிக்கறது உங்க பாடு.